வயலினைக் கொடுத்தவர்

1986 ஜூலை 26. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டேங்கிள்வுட். பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவுக்குக் கோடைக்கால ஹோம் கிரவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மிதோரி என்கிற 14 வயது ஜப்பானியச் சிறுமி. லெனர்ட் பெர்ன்ஸ்டைன், தானே எழுதிய ‘செரனேட்’ படைப்பைத் தானே நடத்துகிறார். ஐந்து பகுதிகளில் கடைசிப் பகுதி நீளமானது, ஆளை உறிஞ்சக்கூடியது. அதன் நடுவில் சிறுமியின் வயலினில் ஈ (E) தந்தி பட்டென்று அறுந்தது.

அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரன் அவுட் ரீப்ளே பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். சிறுமி பதறவில்லை. பக்கத்தில் முதல் நாற்காலியில் இருந்த கன்சர்ட் மாஸ்டர் மால்கம் லோ பக்கம் திரும்பினாள். அவர் தன் ஸ்ட்ராடிவேரியஸ் வயலினைக் கொடுத்தார். வாங்கினாள், தொடர்ந்தாள். சற்று நேரத்தில் அதிலும் ஈ தந்தி போயிற்று. மறுபடியும் லோவிடம். அதற்குள் லோவின் கையில் துணை கன்சர்ட் மாஸ்டர் மாக்ஸ் ஹோபார்ட்டின் குவாடாக்னினி வயலின் வந்திருந்தது. அதையும் கொடுத்துவிட்டார். சிறுமி வாசித்து முடித்ததும் கூட்டம், இசைக்குழு, பெர்ன்ஸ்டைன் எல்லோருமாகச் சேர்ந்து ஆரவாரம் செய்தார்கள். மூன்று வயலின்களோடு ஒரு சிறுமி டேங்கிள்வுட்டை வென்ற செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது.

மிதோரியைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. என் கண் போனது லோ மீது.

கிரிக்கெட்டில் மட்டை உடைந்தால் பன்னிரண்டாவது ஆள் நாலைந்து மட்டைகளைக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். பேட்ஸ்மேன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தண்ணீர் குடித்து, கையுறையையும் மாற்றிக்கொள்வார். இங்கே ஆட்டம் நிற்காது. சோலோ வாசிப்பவரின் தந்தி அறுந்தால் கன்சர்ட் மாஸ்டர் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். பக்கத்து ஆள் தன்னுடையதை கன்சர்ட் மாஸ்டருக்குத் தர வேண்டும். அறுந்த வயலின் கைமாறிக் கைமாறிப் பின்வரிசைக்குப் போகும். இது அந்தத் தொழிலின் எழுதாத விதி. வயலின் என்பது செருப்பு மாதிரி, அவரவர் காலுக்குப் பழகியது. தாடை பதியும் கட்டை, தோள் பிடிக்கும் கோணம், வில்லை எவ்வளவு அழுத்தினால் ஒலி பேசும் என்கிற கணக்கு, எல்லாம் ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி மாறும். மிதோரி முழு அளவைவிடச் சற்றே சிறிய வயலினிலிருந்து பெரியதற்குத் தாவினாள் என்று வியக்கிறோம், சரி. லோவும் அதே கணத்தில் தனக்குப் பழகாத கருவிக்குத் தாவி, ஒரு முழு வரிசைக்குத் தலைமை தாங்கி நடத்திக்கொண்டிருந்தார். ஸ்கோர்போர்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

அவர் அந்த நாற்காலிக்கு வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1984 முதல் 2019 வரை, 35 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். செய்ஜி ஒசாவா, ஜேம்ஸ் லெவைன், ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் என்று மூன்று இசை இயக்குநர்கள் வந்தார்கள், நாற்காலிக்காரர் மாறவில்லை.

கன்சர்ட் மாஸ்டருக்கு என்னதான் வேலை? மேடைக்கு வந்து குழுவைச் சுருதி சேர்க்க வைப்பதும், முடிவில் கண்டக்டரோடு கைகுலுக்குவதும் கேமராவில் தெரிகிற வேலை. தெரியாத வேலை பென்சிலில் இருக்கிறது. எந்தச் சுரத்துக்கு வில் மேலே போக வேண்டும், எதற்குக் கீழே வர வேண்டும் என்று அவர்தான் குறிக்கிறார்; அது வரிசையிலுள்ள அத்தனை பேரின் தாளிலும் ஏறும். பதினாறு வில்கள் ஒரே திசையில் அசைவது அழகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வில்லின் திசை மாறினால் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும்.

இன்னொன்று, நேரம். கண்டக்டரின் கோல் இறங்கும் கணமும் ஒலி எழும் கணமும் ஒன்றல்ல. பெரிய குழுக்களில் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் அளவை வரிசையில் இருப்பவர்கள் கோலைப் பார்த்து மட்டும் எடுப்பதில்லை, முதல் நாற்காலியின் வில் நுனியையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். லோ மாதிரி ஆட்களின் ‘டைமிங்’ என்று நான் சொல்வது இதைத்தான். ஒருநாள் கண்டக்டர் ஏதோ யோசனையில் கோலை மங்கலாக இறக்கினாலும் குழு சிதறாமல் உள்ளே நுழையும். அப்படி நுழைந்துவிட்டால் அங்கே ஒரு விபத்து தவிர்க்கப்பட்டது என்பது அரங்கில் யாருக்கும் தெரியாது. நம்மூரில் பக்கவாத்தியம் வாசிக்கிற வயலின்காரருக்காவது பாடகருக்குப் பிறகு ராகத்தில் ஒரு சுற்று கிடைக்கும். இசைக்குழு வயலின்காரர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அந்தச் சுற்று கிடையாது. கன்சர்ட் மாஸ்டருக்குக் கிடைக்கிற சில தனி வாய்ப்புகளும் சுலபமானவை அல்ல. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஐன் ஹெல்டன்லேபன்’ படைப்பில் நாயகனின் மனைவியாக வயலின் பேச வேண்டும், நீளமாக. மாலரின் நான்காவது சிம்ஃபனியில் ஒரு வயலினை முழுச் சுரம் ஏற்றிக் கட்டி வைத்துக்கொண்டு, அதையும் வழக்கமான வயலினையும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். விதிப்படியே இரண்டு வயலின்!

இப்போது ஒரு புள்ளிவிவரம். 1920 முதல் 2019 வரை பாஸ்டனுக்கு மொத்தம் மூன்றே கன்சர்ட் மாஸ்டர்கள். ரிச்சர்ட் பர்கின் 42 ஆண்டு, ஜோசப் சில்வர்ஸ்டைன் 22 ஆண்டு, லோ 35 ஆண்டு. கூட்டினால் 99. இந்திய டெஸ்ட் அணிக்கு 1932இலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கேப்டன்கள் வந்து போயிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

இந்த நீண்ட அமைதி ஒரு கலகத்தில் தொடங்கியது. 1920 மார்ச்சில் ஒரு கச்சேரியின் கைதட்டலுக்கு, எல்லோரும் எழுந்து நிற்கும்படி கண்டக்டர் பியர் மாந்தூ சைகை காட்டினார். அப்போதைய கன்சர்ட் மாஸ்டர் ஃப்ரெட்ரிக் ஃப்ராட்கின் எழவில்லை. பின்னணியில் சம்பளச் சண்டையும் தொழிற்சங்கச் சண்டையும் கொதித்துக்கொண்டிருந்தன. ஃப்ராட்கினை நீக்கினார்கள். அதைக் கண்டித்து வேலைநிறுத்தம். முடிவில் முப்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் வெளியே போனார்கள். கிட்டத்தட்ட புது அணி கட்ட வேண்டிய நிலை. அப்படிக் காலியான முதல் நாற்காலியில்தான் பர்கின் வந்து உட்கார்ந்தார். தொழிற்சங்கம் அந்தக் குழுவுக்குள் நுழைய 1942 வரை ஆயிற்று. அமெரிக்காவின் பெரிய குழுக்களில் கடைசியாக ஒப்புக்கொண்டது பாஸ்டன்தான். ஃப்ராட்கின் அவசரப்பட்டார் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த தலைமுறை பெற்ற வேலைப் பாதுகாப்பில் அந்த உட்கார்ந்த முதுகுக்கும் ஒரு பங்கு உண்டு.

சில்வர்ஸ்டைனின் கதை உள்ளூர் லீக்கிலிருந்து ஏறி வந்தவர் கதை. 1955இல் இரண்டாம் வயலின் வரிசையின் பின்பகுதியில் சேர்ந்தார், அப்போது குழுவிலேயே இளையவர். ஏழு வருடத்தில் முதல் நாற்காலி. லோவுக்கு வேறு பாதை. கனடாவின் மானிட்டோபா புல்வெளியில் பண்ணையில் வளர்ந்தவர். ரெஜைனாவில் பாலபாடம், ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் ஐவன் கலாமியானிடம் பட்டறை. கியூபெக் நகரக் குழுவில் கன்சர்ட் மாஸ்டராக இருந்துவிட்டு பாஸ்டன்.

குழுவில் சாதாரண இடத்துக்கு உள்ளே நுழையத் தேர்வு உண்டு, கொடூரமான தேர்வு. தேர்வாளர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை தொங்கும். இதைப் பாஸ்டன் 1952லேயே தொடங்கியது. காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறது என்பதால் செருப்பைக் கழற்றச் சொன்னதாக ஒரு கதை அங்கே பரவலாக உலவுகிறது. வாசிக்கச் சொல்லும் துண்டுகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே: ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ முதல் பக்கம், ஷூமனின் இரண்டாவது சிம்ஃபனியில் வரும் ஸ்கெர்ட்ஸோ, மொஸார்ட்டின் 39ஆம் சிம்ஃபனியின் கடைசிப் பகுதி. டான் ஹுவானை நம் கிரிக்கெட்காரர்களின் யோ-யோ டெஸ்ட் என்று சொல்வேன். சில நிமிடங்களில் வடிகட்டிவிடும். தேறினாலும் ஒன்றிரண்டு வருடம் தகுதிகாண் பருவம். முதல் நாற்காலிக்கோ திரை போதாது. விருந்தாளியாக வாரக்கணக்கில் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

உடம்பு? வாரத்துக்கு எட்டு அமர்வு வரை ஒத்திகையும் கச்சேரியும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் குழுக்களில் 2,212 பேரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், வாசிப்பைப் பாதிக்கிற அளவுக்கு ஏதாவது ஓர் உபாதை இருப்பதாக 76 சதவீதத்தினர் சொன்னார்கள். வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வயலின்காரரின் இடது தோளுக்கு ஒரு பத்திகூட வந்து நான் பார்த்ததில்லை.

சரி, 35 ஆண்டு ஒரே ஆள் நல்லதா? கிரிக்கெட் என்றால் நானே எதிர்த்து எழுதியிருப்பேன். இங்கே எனக்கு இரண்டு மனசு. பாஸ்டனின் வயலின் ஒலி மூன்று இயக்குநர்களைத் தாண்டியும் கலையாமல் வந்ததற்கு அந்த நாற்காலியின் நினைவாற்றல் ஒரு காரணம்; புதிய இயக்குநர் வந்து கட்டளையிடுவதற்கு முன்பே அந்த வரிசைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆனால் அதே நீட்சியின் கெடுதலும் பிறகு வெளிப்பட்டது. லோ 2019இல் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு நிரந்தர ஆளைத் தேடி ஐந்து வருடம் கடத்தினார்கள். நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். அதைக் கழித்தாலும் ஐந்து வருடம் அதிகம். அடுத்த விக்கெட் கீப்பரைத் தயாரிக்காமல் ஒரே கீப்பரை ஆடவிட்ட அணிகளின் நிலைதான்.

2024இல்தான் அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மானிக்கில் முதல் துணை கன்சர்ட் மாஸ்டராக இருந்த நேதன் கோல், பாஸ்டனின் பதினொன்றாவது கன்சர்ட் மாஸ்டர். டான் ஹுவான் போன்ற தேர்வுத் துண்டுகளை எப்படித் தயாரிப்பது என்று இளைஞர்களுக்கு இணையத்தில் வெகு காலமாகச் சொல்லிக்கொடுத்துவருபவர் இவர். பாஸ்டன் திரைக்குப் பின்னால் இனி செருப்பில்லாமல் வந்து நிற்கப்போகிறவர்களில் எத்தனை பேர், அந்த முதல் பக்கத்தை இவருடைய வீடியோவைப் பார்த்தே பயின்றிருப்பார்களோ!