விளக்கக் கட்டுரையும் தெமோதரைப் பாதையும்

விளக்கக் கட்டுரை எழுதப் பயிலும் மாணவனிடம் பெரும்பாலும் குறைவது சொல்வளம் அன்று. பொருளை ஆராய்ந்தறியும் பழக்கமே. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று அறைகளும் வகுப்பில் அவனுக்கு முதலிலேயே காட்டப்படுகின்றன. அவற்றுள் வைக்கத்தக்க பொருள் யாது என அவனிடம் எவரும் வினவுவதில்லை. ஆகவே, மனனஞ் செய்த மாதிரிக் கட்டுரையைக் கொணர்ந்து நிரப்பிவிடுகிறான்.

பதுளைத் தோட்டப்புறத்து மாணவனொருவனைத் தெமோதரைப் புகைவண்டிப் பாதையைப் பற்றி எழுதுமாறு பணித்தால், இயற்கையன்னையும் பச்சைக் கம்பளமுமே முதலில் வந்து நிற்கும். அடுத்து வருவது தலைப்பாகைக் கதை. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்ட பொறியியலாளருக்கு, பாதையை வளைக்கும் எண்ணம் பிறந்ததாம். கதை இனியது, தோட்டத்தானின் நுண்ணறிவைப் போற்றுவதுமாம். ஆயின், பாதை ஏன் வளைய வேண்டும் என்னும் வினாவுக்கு அது விடையன்று.

விடை சரிவில் உள்ளது. இம்மலைப்பாதை 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது வகுத்த அளவு. எல்லவிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதை தெமோதரையை அடைந்தபின், நிலம் அவ்வளவினும் விரைந்து தாழ்கிறது. நேரே இறங்கினால் சரிவு மிகும்; ஆதலால் தூரம் நீட்டப்பட்டது. நிலையத்தை விட்ட பாதை குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் கீழேயே குடைந்த சுரங்கத்தின் ஊடாகச் செல்கிறது. 1924ஆம் ஆண்டில் பாதை பதுளை வரை திறக்கப்பட்டது. இவ்வளவும் சில வாக்கியங்களுள் அடங்கும். எது முன், எது பின் என்பதிலேதான் பயிற்சி இருக்கிறது. சரிவைச் சொல்லாது சுரங்கத்தைச் சொன்னால் படிப்போன் வியப்பான், விளங்கிக்கொள்ளான்.

நன்னூற் பாயிரத்திலே பவணந்தியார் நூற்குற்றம் பத்தையும் அழகு பத்தையும் தொகுத்துத் தந்தார். மாணவர் அவற்றைத் தேர்வுக்கு ஒப்பிக்கின்றனர்; தம் கட்டுரையோடு ஒப்பிடுவதில்லை. தலைப்பாகைக் கதை பாதிக் கட்டுரையை விழுங்குமாயின், அது மற்றொன்று விரித்தல். பச்சைக் கம்பளம் பத்திதோறும் விரிக்கப்படுமாயின், கூறியது கூறல். ஆரவாரத்தோடு தொடங்கிச் சுரங்கத்தை எட்டுமுன் மங்கிவிடுவது சென்று தேய்ந்திறுதல். சிவப்பு மையால் 'போதாது' என்றெழுதும் ஆசிரியர், இவற்றுள் ஒன்றைப் பெயரிட்டுச் சுட்டினால் மாணவன் தன் பிழையைத் தானே காண்பான். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அழகுகளின் வரிசையில் அடுத்தடுத்து நிற்பதும் கருதத்தக்கது. சுருக்கத்தை நாடி விளக்கத்தை இழப்போரும் உளர் அன்றோ? இவ்விரண்டும் இணைந்த நடையைக் காண விரும்புவோர்க்கு ஆறுமுக நாவலரின் (1822–1879) பாலபாடங்கள் இன்றும் உதவும்.

மலையகத்தில் இப்பயிற்சிக்குத் தனித்தேவை ஒன்றுண்டு. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளை ஏற்கத் தொடங்கும்வரை, அங்குப் பயின்றோருட் பலர் தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. அவர்தம் உழைப்பை நெடுங்காலம் பிறரே கணக்கிலும் அறிக்கையிலும் எழுதினர். அவர்தம் வழிவந்த மாணவனுக்குத் தரத்தக்க தலைப்பு 'இயற்கையின் எழில்' அன்று. கூடையிலிட்ட கொழுந்து எங்ஙனம் நிறுக்கப்பட்டு, எவ்வளவு கழிக்கப்பட்டு, செக்ரோலில் ஏறிச் சம்பளமாகிறது என்பதை, அறியாதவர்க்கும் விளங்குமாறு அவன் முறைப்பட எழுதட்டும்.