வாக்கில்லாதவரின் வழக்கு: ஆஸ்திரேலிய அகதிகள் ஆதரவு இயக்கம் குறித்து

மக்களாட்சியில் ஒரு கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பது அதன் பின்னால் திரளும் வாக்கு; அகதிக்கு அந்த வாக்கு இல்லை என்பதால், அவருக்காகப் பேசும் இயக்கம் பாதிக்கப்பட்டோர் தாமே திரளும் பிற உரிமை இயக்கங்களிலிருந்து வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் இந்த வேறுபாட்டின் விளைவு தெளிவாகவே தெரிகிறது. புகலிடம் தேடி விசாவின்றி வருவோரை அடைத்து வைக்கும் கட்டாயத் தடுப்புக்காவலை 1992இல் தொழிற்கட்சி அரசு சட்டமாக்கியது; அதன் அடிப்படையை இரு பெருங்கட்சிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், இயக்கம் நீதிமன்றத்தை நாடியது இயல்பே.

அந்த வழியின் வலுவும் குறையும் 2011இல் ஒருசேர வெளிப்பட்டன. படகில் வரும் 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டு, அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் 4,000 பேரை நான்கு ஆண்டுகளில் ஏற்பதாக ஜூலியா கில்லார்டு அரசு உடன்பாடு செய்திருந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத மலேசியாவில் அனுப்பப்படுவோருக்குச் சட்டப் பாதுகாப்பில்லை என்ற வாதத்தை ஏற்று, நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அத்திட்டத்தைத் தடுத்தது. சட்டப்படி அத்தீர்ப்பில் குறைகாண்பது கடினம். ஆனால் படகுகளும் கடல் மரணங்களும் தொடர, 2012இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, படகில் வந்தோரை நாட்டுக்கு வெளியே அடைத்து வைக்கும் நவூரு, மானுஸ் தீவு முகாம்களுக்கு மீண்டும் வழிவிட்டது. தடுக்கப்பட்டதைவிடக் கொடிய ஏற்பாடு அதன் இடத்தில் வந்தமர்ந்தது. முகாம்களை எழுப்பிய பழி அரசுகளையே சாரும் என்றாலும், கடலில் சாவு நிகழாமல் தடுப்பது எப்படி என்று கேட்ட வாக்காளருக்கு நம்பத்தக்க விடையை இயக்கத்தால் கொண்டுசேர்க்க முடியவில்லை.

குயின்ஸ்லாந்தின் பிலோயிலா என்னும் சிற்றூரில் வேறொரு வழி பிறந்தது. தங்களிடையே வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பமொன்று 2018இல் பிடித்துச் செல்லப்பட்டபோது, ஊரார் பன்னாட்டுச் சட்டத்தைவிட அண்டை வீட்டு உறவையே முன்னிறுத்திப் பேசியது பழமைவாத வாக்காளரையும் தொட்டது. ஆட்சி மாறியபின், 2022இல் குடும்பம் ஊர் திரும்பியது. இருப்பினும் இது அமைச்சரின் தனி அதிகாரத்தால் கிடைத்த விலக்கு மட்டுமே. விதி அப்படியே நிற்க, ஊரார் அறிந்த முகம் இல்லாதவர்கள் அதற்குள்ளேயே கிடக்கிறார்கள்.

விதியை நாடாளுமன்றத்திலேயே தளர்த்த முயன்றது 2019 பிப்ரவரியின் மருத்துவ வெளியேற்றச் சட்டம். இரு மருத்துவர்கள் பரிந்துரைத்தால் தீவு முகாம்களிலுள்ள நோயாளியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர வழிசெய்த அது, பெரும்பான்மை இழந்திருந்த அரசின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. வாக்காளரின் ஒப்புதலைவிட அவை எண்ணிக்கையின் தற்செயலையே அது நம்பியிருந்தது. அதற்கு முன்னின்ற சுயேச்சை உறுப்பினரும் மருத்துவருமான கெரின் ஃபெல்ப்ஸ் மே மாதத் தேர்தலில் தோற்றார். மீண்டும் வென்ற அரசு டிசம்பரில் சட்டத்தை நீக்கியது.