பசிப் பூட்டுக்கு ஒரு சாவி

சித்திரை வெயிலில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்திருக்கிறீர்களா? நாக்கு வறண்டு, பசி செத்தே போயிருக்கும். சீரகச் சம்பா பிரியாணி மணம் தெருவரைக்கும் வந்து கூப்பிட்டாலும் வயிறு அசையாது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே மருந்து நன்னாரி சோடா சர்பத்!

“அண்ணே, ஒரு நன்னாரி. சோடா ஊத்தி, எலுமிச்சை தூக்கலா!”

தம்ளரில் ஐஸ், ஊறிய சப்ஜா விதை, அரை மூடி எலுமிச்சை, இரண்டு கரண்டி சர்பத். அடுத்து கோலி சோடா. அந்தப் பாட்டிலே ஒரு பூட்டுதான். உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய சூட்சுமம். அண்ணன் கட்டைவிரலால் ஒரே அமுக்கு, ‘டப்’! நுரை பொங்கும்போதே மண்வாசனையும் வெனிலா மணமும் மூக்கில் ஏறும். நன்னாரி வேரின் மணப்பொருள், வெனிலாவின் வனிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சும்மாவா மயக்குகிறது!

இத்தாலியின் மிலானில் வேலை பார்க்கும் அத்தான் ஊருக்கு வந்தபோது, பசிக்கு அந்த ஊர் மருந்தாக ‘அமெரிக்கானோ’ கலந்து கொடுத்தார். காஸ்பாரே காம்பாரி 1860-இல் உருவாக்கிய சிவப்புக் கசப்புச் சாராயம், 1786-இல் தூரினில் கார்ப்பானோ விற்கத் தொடங்கிய வெர்மூத் என்ற மூலிகை ஒயின், மேலே சோடா. சோடா சேராத கலவைக்கு, மிலான், தூரின் என்ற இரண்டு ஊர்களின் இத்தாலியப் பெயரையும் சேர்த்து ‘மிலானோ-தொரினோ’ என்று பெயர். அமெரிக்கப் பயணிகள் சோடா ஊற்றி விரும்பிக் குடித்ததால் பெயர் மாறியதாகச் சொல்கிறார்கள். போதை கொஞ்சம்தான், சாப்பாட்டுக்கு முன் பசியைக் கிளப்புவதே அதன் வேலை. ஜேம்ஸ் பாண்ட் தன் முதல் நாவலில் முதலில் கேட்டு வாங்குவதும் இதைத்தான்.

“இந்த வகைக்கு அபெரிதீவோன்னு பேரு மாப்ள. ‘திற’ங்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது” என்றார்.

திறப்பதைப் பற்றி, பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரனுக்கே பாடமா!

“அத்தான், கசப்பு வேரும் இனிப்பும் சோடாவும் சேந்தா பசி திறக்கும்னு எங்க தள்ளுவண்டி அண்ணனுக்கும் தெரியும். அவரு சாராயமே ஊத்துறதில்ல” என்றேன். மறுநாள் அழைத்துப் போனேன். இரண்டு தம்ளர் குடித்தார். பிரியாணி இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

ஒரே வேண்டுகோள். பிரியாணி தின்ற பிறகு, செரிக்கட்டும் என்று நன்னாரி சோடாவைத் தேடாதீர்கள். கால் மணி நேரம் முன்னால் குடியுங்கள். சாவியைப் பூட்டு திறக்கும் முன்தானே போட வேண்டும்?