தட்டுமுட்டில் ஒரு குடும்ப வரலாறு

1865 ஏப்ரல் 15, சனிக்கிழமை. பொழுது விடியவில்லை. மேரிலாந்தில் ஒரு பண்ணை வீட்டு மாடியில் முறிந்த கால் ஒன்றுக்கு வைத்துக் கட்டச் சிம்பு வேண்டியிருந்தது. மருத்துவரின் கைக்குக் கிடைத்தது தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டி. அதன் அட்டையை இரண்டாகப் பிளந்தார், செங்கோணமாக மடித்தார், பசை தடவி ஒட்டினார், காலோடு அணைத்துக் கட்டினார். பிறகு கீழே போய், வீட்டில் வேலைக்கிருந்த வெள்ளைக்கார முதியவரோடு சேர்ந்து ரம்பத்தையும் துளைப்பானையும் வைத்துக்கொண்டு பலகைத் துண்டிலிருந்து இரண்டு ஊன்றுகோல்கள் செய்தார். கூலி 25 டாலர்.

கால் ஜான் வில்க்ஸ் பூத்துடையது. முந்தின இரவு வாஷிங்டன் நாடகக் கொட்டகையில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுவிட்டு, மேடையில் குதித்து ஓடி வந்தவன். மருத்துவர் பெயர் சாமுவேல் மட். வயது 31.

பசை தடவியதையும் ரம்பம் பிடித்ததையும் நமக்குச் சொல்பவர் மட் தான். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. மட் குடும்பத்தின் கதையைப் பலர் 'குற்றவாளியா, நிரபராதியா' என்ற ஒரே கேள்விக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அதைவிட ருசியானவை இந்தச் சாமான்கள்தாம். அட்டைப் பெட்டி, பூட்ஸ், மேசை, மரப்பெட்டி, தச்சனின் கருவிப் பெட்டி என்று இந்தக் குடும்பத்தின் வரலாறு தட்டுமுட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. அவை எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவதில்லை.

முதலில் நிலம். மட் பிறந்தது 1833இல், சார்ல்ஸ் கவுன்ட்டியில். தந்தை ஹென்றி லோ மட்டின் புகையிலைப் பண்ணையான 'ஓக் ஹில்', தலைநகர் வாஷிங்டனிலிருந்து ஏறக்குறைய 30 மைல். பத்துப் பிள்ளைகளில் நான்காவது. கத்தோலிக்கக் குடும்பம், படித்ததும் கத்தோலிக்கரான ஜெசூட்டுகள் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியில். பிறகு பால்டிமோரில் மருத்துவம். பட்டம் பெற எழுதிய ஆய்வுக் கட்டுரை சீதபேதியைப் பற்றியது. 1856இல் மருத்துவராகி ஊர் திரும்பினார். மறு ஆண்டு நவம்பரில் பிரான்சிஸ் டையரை மணந்தார். இளம் வயதிலிருந்தே அறிந்த பெண். தந்தை கல்யாணப் பரிசாகத் தம் நிலத்தில் நல்ல பகுதியைப் பார்த்து 218 ஏக்கர் எழுதி வைத்தார். வீடு கட்டி முடியும்வரை தம்பதியர் பெண்ணின் சகோதரர் ஜெரமையா வீட்டில் இருந்தார்கள். 1859இல் புது வீட்டில் குடி புகுந்தார்கள். மருத்துவமும் பார்த்துக்கொண்டு புகையிலையும் பயிரிட்டார் மட். அந்தக் காலத்து நாட்டுப்புற மருத்துவருக்கு நோயாளிகளின் பணம் மட்டும் போதாது. நிலம்தான் சோறு போட்டது.

நிலம் தானாக விளையாது. புகையிலை கையால் வளர்க்க வேண்டிய பயிர். நாற்றங்கால், நடவு, கொழுந்து கிள்ளுதல், புழு பொறுக்குதல், அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துதல் என்று ஆண்டு முழுக்க வேலை. அந்தக் கைகள் அடிமைகளின் கைகள். 1860இல் மட்டிடம் ஐந்து அடிமைகள் இருந்தார்கள். பின்னால் மட் மீது நடந்த வழக்கின்போது முன்னாள் அடிமைகள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். மேரி சிம்ஸ் தன்னை மட் சவுக்கால் அடித்ததைச் சொன்னார். எல்ஸி எக்லண்ட் என்பவரை மட் துப்பாக்கியால் காலில் சுட்டதாகவும் சாட்சியம் வந்தது. காலைக் கட்டிய கையைப் பற்றிய கதையில் காலில் சுட்ட கையும் வருகிறது. மட்டுக்கு ஆதரவாகப் பேசிய கறுப்பினத்தவரும் உண்டு. ஏர் உழுத பிராங்க் வாஷிங்டன், எஜமான் தன்னை நன்றாக நடத்தினார் என்றார். பூத் வந்த காலையில் குதிரைகளை லாயத்தில் கட்டியவரும் அவரே.

மேரிலாந்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1864 நவம்பர் 1 அன்று. அதே நவம்பரில்தான் பூத் முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்தான். நிலம் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டான். பிரையன்டவுன் மாதா கோவிலில் மட்டைச் சந்தித்தான். அன்றிரவு மட் வீட்டில் தங்கினான். மட்டின் அண்டை வீட்டுக்காரரிடம் ஒரு குதிரை வாங்கினான். அதற்கு ஒரு கண் குருடு. உழைப்பாளிகளை இழந்து நிலத்தின் விலை சரிந்த நேரம் அது. ஒருவன் நிலம் கேட்டு வந்தால், விற்கத் தயாராயிருந்த மருத்துவர் உட்காரவைத்துப் பேசமாட்டாரா?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். இந்தக் கதையில் நுணுக்கங்களைக் கண்ணால் பிடித்தவர்கள் பெண்கள். பூத் மாடியில் படுத்திருந்தபடி ரேசர் கேட்டு மீசையை மழித்தான். மாலையில் அவன் ஊன்றுகோலில் படியிறங்கியபோது பிரான்சிஸ் கவனித்தார்: முகத்துத் தாடி இடம் பெயர்ந்து தொங்கியது. பொய்த் தாடி. அவர் அதைக் கணவரிடம் சொன்னார். அதற்கு முன்பே பகலில், கூட வந்த டேவிட் ஹெரால்டோடு மட் வண்டி தேடிப் புறப்பட்டிருந்தார். தந்தை வீட்டுக் கோச்சு வண்டி கிடைக்கவில்லை. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கோவிலுக்குப் போகப் பெண்களுக்கு வண்டி வேண்டும். நாட்டையே உலுக்கிய கொலையாளியின் ஓட்டத்துக்கு நடுவே ஒரு குடும்பத்தின் ஈஸ்டர் வண்டி! இதைக் கற்பனை செய்து எழுத எந்த நாவலாசிரியருக்கும் துணிவு வராது.

பூத் போன பிறகு எஞ்சியது ஒரு பூட்ஸ். வீங்கிய காலிலிருந்து கழற்ற முடியாததால் மட் அதை நீளவாக்கில் அறுத்து எடுத்திருந்தார். ஈஸ்டர் ஞாயிறன்று அவர் தம் உறவினர் டாக்டர் ஜார்ஜ் மட்டிடம், இரண்டு அந்நியர் வந்து போனதைச் சொன்னார். ஜார்ஜ் உள்நாட்டுப் போரில் வடக்கத்திய அரசின் ஆதரவாளர். ஒரே குடும்பத்தில் இரண்டு மருத்துவர்கள், இரண்டு அரசியல். ஜார்ஜ் மறுநாள் பிரையன்டவுன் படையதிகாரியிடம் தெரிவித்தார். வீரர்கள் வந்தார்கள், விசாரித்தார்கள், போனார்கள். இரண்டாம் தடவை வந்து வீட்டைச் சோதிக்கப் போவதாகச் சொன்னபோது பிரான்சிஸ் மாடிக்குப் போய், கட்டிலுக்கடியிலிருந்து கிடைத்த அந்தப் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே நியூயார்க் பிராட்வேயில் இருந்த செருப்புக் கடைக்காரர் பெயர். அதனோடு கையால் எழுதிய 'ஜே. வில்க்ஸ்'. அந்தப் பூட்ஸ் இன்றும் வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடகக் கொட்டகையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுத்த கோடு இப்போதும் தெரியும்.

வந்தவன் பூத் என்று தெரியாது என்றார் மட். சால்வை போர்த்தியிருந்தான், தாடி வைத்திருந்தான் என்றார். அவரை விசாரித்த இராணுவ ஆணையத்தில் ஒன்பது பேர். மரண தண்டனைக்கு ஆறு ஓட்டு வேண்டும். ஒரு ஓட்டில் மட் தூக்கிலிருந்து தப்பினார். ஆயுள் தண்டனை. பின்னாளில் வெளிப்பட்டவை அவருக்குச் சாதகமானவை அல்ல. பூத்தின் கூட்டாளி அட்ஸராட்டின் காணாமல் போன வாக்குமூலம் 1977இல் கண்டெடுக்கப்பட்டது. பூத் முன்கூட்டியே மட் வீட்டுக்கு மதுவும் உணவுப் பண்டங்களும் அனுப்பி வைத்ததாகத் தன்னிடம் சொன்னான் என்று அட்ஸராட் அதில் சொல்லியிருக்கிறான். மட் 1877இல் மேரிலாந்து சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அந்தத் தேர்தலில் அவரோடு பிரசாரம் செய்த சாமுவேல் காக்ஸ், பூத்தைத் தாம் அடையாளம் கண்டுகொண்டதாக மட் தம்மிடம் ஒப்புக்கொண்டார் என்று ஒரு புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தார். அச்சில் வந்த பக்கத்தைவிட ஓரத்துக் கையெழுத்து உரக்கப் பேசிய இடம் இது.

சிறை, புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட்டுக்கு மேற்கே கடலுக்கு நடுவில், ட்ரை டோர்டுகாஸ் தீவுகளில். கோடிக்கணக்கான செங்கல்லால் கட்டத் தொடங்கி முடிக்கப்படாத ஜெஃபர்சன் கோட்டை. அங்கே கறுப்பின வீரர்கள் காவலுக்கு வந்தது மட்டுக்குப் பொறுக்கவில்லை, கப்பலில் ஒளிந்து தப்பப் பார்த்தார், பிடிபட்டார், விலங்கு பூட்டப்பட்டார். அந்த வெறுப்பை அவர் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். பிறகு தச்சுப் பட்டறைக்குப் போனார். மருத்துவரின் விரல்கள் மரத்தில் பழகின. பல நிற மரத்துண்டுகளைப் பதித்து மேசை செய்தார். சிப்பிகள் ஒட்டிய சிறு பெட்டிகள் செய்தார். அவற்றில் சில இன்று அவர் வீட்டிலேயே பார்வைக்கு இருக்கின்றன. மரத்துண்டை அளவாக வெட்டிப் பொருத்திய அந்த நேர்த்தியைப் பார்த்தால், அட்டைப் பெட்டியைப் பிளந்து சிம்பாக்கிய அதே கை தெரிகிறது.

1867இல் கோட்டையில் மஞ்சள் காய்ச்சல். செப்டம்பரில் சிறை மருத்துவர் ஜோசப் சிம் ஸ்மித் இறந்தார். மட் பொறுப்பேற்று இரவு பகலாக நோயாளிகளைப் பார்த்தார். காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1900இல்தான் அது நிரூபணமானது. சக கைதி மைக்கேல் ஓலாக்லின் மாண்டார். மட்டையும் காய்ச்சல் பிடித்தது, பிழைத்தார். கோட்டையில் தப்பிய வீரர்கள் அவரை விடுவிக்கும்படி கையெழுத்திட்டு மனு எழுதினார்கள். 1869 பிப்ரவரி 8 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மன்னிப்பில் கையெழுத்திட்டார். அந்த ஆவணத்திலேயே மஞ்சள் காய்ச்சல் பணி குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஜான்சன் அந்தக் காகிதத்தை பிரான்சிஸின் கையில் கொடுத்தார். நாலு வருஷமாக மனுவும் கையுமாக அலைந்தவருக்கு அதைத் தபாலில் போட மனம் வரவில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்த சகோதரர் மூலமாக ஆள் வைத்துத் தீவுக்கு அனுப்பினார்.

மார்ச் 20 அன்று மட் வீடு வந்து சேர்ந்தார். கைதாகும்போது கடைக்குட்டிச் சாமுக்கு வயது ஒன்றே கால், திரும்பியபோது ஐந்து. அதன் பிறகு இன்னும் ஐந்து குழந்தைகள்; மொத்தம் ஒன்பது.

அடுத்த தட்டுமுட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஃபோர்டு கொட்டகையின் தச்சர் எட்மன் ஸ்பாங்லர், மட்டோடு தீவில் சிறையிருந்தவர். விடுதலையான பின் மட்டின் பண்ணைக்கு வந்தார். மட் ஐந்து ஏக்கர் கொடுத்தார். 1875இல் ஸ்பாங்லர் இறந்தார். அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தபோது உளிகளோடு ஒரு காகிதம்: தனக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் கைப்பட எழுதியது. தந்தையிடமிருந்து தான் பெற்ற நிலத்தில் ஒரு துண்டைச் சிறைத் தோழனுக்குப் பிரித்துக் கொடுத்த மனத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மட் 1883 ஜனவரியில் நிமோனியா கண்டு 49 வயதில் இறந்தார். பூத்தைச் சந்தித்த அதே பிரையன்டவுன் கோவில் கல்லறையில் அடக்கம். கடைசி மகள் நெட்டிக்கு அப்போது வயது ஐந்து. அவள்தான் வளர்ந்து, தாய் காத்து வைத்திருந்த கடிதங்களையெல்லாம் தொகுத்து 1906இல் நூலாக்கினாள். ஸ்பாங்லரின் காகிதமும் அதில் இடம்பெற்றது. தந்தையை நிரபராதியாகக் காட்ட எழுதிய நூல்தான். ஆனாலும் காவலர்களைப் பற்றிய அந்தக் கசப்பான வரிகளை அவள் வெட்டவில்லை. பரிந்து பேச வந்த மகள், பாதகமான வரியையும் விட்டு வைத்தாள். அந்த நூலின் நயம் அதுவே.

பேரன் ரிச்சர்ட் மட், தாத்தாவைப் போலவே மருத்துவர். 1901இல் பிறந்து 2002இல் இறந்தார். தம் 101 வயது வாழ்வில் பெரும்பகுதியை இரண்டு வேலைகளுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் பரவிய மட் வமிசாவளியைத் தொகுத்துப் பெரும் நூலாக்கினார். தாத்தாவின் பெயரைத் துடைக்கப் போராடினார். ஜிம்மி கார்ட்டர் 1979இலும் ரொனால்டு ரேகன் 1987இலும் அனுதாபக் கடிதம் எழுதினார்கள். தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 1992இல் இராணுவத்தின் திருத்த வாரியம், பொதுமக்களில் ஒருவரை இராணுவ ஆணையம் விசாரித்ததே தவறு என்று முடிவு செய்தது. இராணுவம் ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றம் போய், 2002இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இந்தச் சாமான்களையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இது: மட் தன் வாசலில் நின்றவனை அறிந்திருந்தார், அறியவில்லை என்று பொய் சொன்னார். ஆனால் அவரை விசாரித்த மன்றம் அவரை விசாரிக்கத் தகுந்த மன்றமல்ல. காய்ச்சலில் கிடந்தவர்களை அவர் காப்பாற்றியதும் உண்மை, அடிமைகளின் சாட்சியமும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க முடியாது. தம் வீட்டு மனிதரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் நெட்டி மட்டின் நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்: வேண்டாத வரியையும் வெட்டாமல் விட்டால்தான் வீட்டுக் கதை வரலாறாகிறது.