ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்களில் இரட்டைக் கதையோட்டமும் குற்றப் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். எண்ணிக்கைக்காக வியக்கப்பட்ட அளவிற்கு அவருடைய படைப்புகள் வடிவ நோக்கில் ஆராயப்படவில்லை. தொடர்பற்ற இரு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயமாக நடத்தி இறுதியில் இணைக்கும் அவரது உத்தி, துப்பறியும் கதையின் மையக் கேள்வியையே மாற்றுகிறது. அம்மாற்றத்தின் பயனையும் எல்லையையும் கொங்குப் பகுதியின் தொழிற்சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ராஜேஷ்குமார், துப்பறியும் நாவல், பாக்கெட் நாவல், இரட்டைக் கதையோட்டம், கொங்கு மண்டலம், திருப்பூர்

முன்னுரை

தமிழில் துப்பறியும் நாவல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் எனத் துப்பறிவோரின் வரிசை நீண்டது. இம்மரபின் தொடக்கக் கால நாவல்களில் குற்றம் பெரும்பாலும் குடும்பத்தைச் சுற்றியே நிகழ்கிறது. திருமணம், சொத்து, மானம் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டைத் துப்பறிவோர் நீக்குகின்றனர். குற்றவாளியும் குற்றத்திற்கு இரையானவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பர். ராஜேஷ்குமாரின் நாவல்கள் இந்நிலையிலிருந்து விலகுகின்றன.

ஆசிரியரும் வெளியீட்டுச் சூழலும்

கே. ஆர். ராஜகோபால் என்னும் இயற்பெயருடைய ராஜேஷ்குமார் 1947ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரது முதல் நாவலான ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980ஆம் ஆண்டு மாலைமதி இதழில் வெளிவந்தது. அதன்பின் மாத நாவல் இதழ்களின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவராக அவர் வளர்ந்தார். ஜி. அசோகன் வெளியிட்ட ‘கிரைம் நாவல்’ இதழ் அவர் பெயரோடு நெருங்கிப் பிணைந்தது. 2008ஆம் ஆண்டு சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் வெகுசனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பிலும் அவர் இடம்பெற்றார்.

பாக்கெட் நாவல் பேருந்து நிலையக் கடையில் வாங்கப்பட்டுப் பயணம் முடிவதற்குள் படித்து முடிக்கப்படுவது. பக்க அளவு முன்பே வரையறுக்கப்பட்டது. வெளியீட்டு நாள் தவறக்கூடாதது. சிறு அத்தியாயங்கள், உரையாடல் மிகுதி, அத்தியாய இறுதியில் ஒரு திடுக்கிடல் ஆகியன இத்தேவைகளுக்கு ஈடுகொடுக்கும் கூறுகளாகும். எனினும் இரட்டைக் கதையோட்டத்தை வணிகத் தேவை மட்டும் விளக்கிவிடாது. விறுவிறுப்பை ஒற்றைக் கதையாலும் உண்டாக்க இயலும்.

இரட்டைக் கதையோட்டம்

துப்பறியும் கதை ஒவ்வொன்றிலும் இரு கதைகள் உள்ளன என்பது 1966ஆம் ஆண்டு த்ஸ்வெதான் தொடரோவ் முன்வைத்த கருத்து. ஒன்று குற்றத்தின் கதை. மற்றொன்று விசாரணையின் கதை. முன்னது நடந்து முடிந்தது, பின்னது நடந்துகொண்டிருப்பது. விசாரணை பின்னோக்கிச் சென்று மறைந்த கதையை மீட்கிறது. ‘யார் செய்தது?’ என்பதே மையக் கேள்வி.

ராஜேஷ்குமாரின் நாவல்களில் அடிக்கடி காணப்படும் இரு கதைகள் இவ்வகையின அல்ல. அவை ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் நிகழ்கின்றன. ஒன்றில் குற்றப்பிரிவு அதிகாரி விவேக் ஒரு மரணத்தை விசாரித்துக்கொண்டிருக்கலாம். மற்றொன்றில் அவனை அறியாத யாரோ சிலர் தங்கள் வாழ்க்கைச் சிக்கலில் உழன்றுகொண்டிருக்கலாம். இங்கே வாசகரைச் செலுத்தும் கேள்வி ‘இவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு?’ என்பதாகும். புதிரின் இருப்பிடம் ஆளிலிருந்து உறவுக்கு நகர்கிறது.

ஒருவரையொருவர் அறியாத மாந்தர் ஒரே காலத்தில் இயங்குவதைக் காட்டுவது நாவல் வடிவத்தின் அடிப்படை இயல்பு என பெனடிக்ட் ஆண்டர்சன் விளக்கினார். அவரிடம் அந்த ஒருங்கு நிகழ்வு தேசம் என்னும் கற்பிதச் சமூகத்தை எண்ணிப் பார்க்க உதவுகிறது. ராஜேஷ்குமாரிடமோ அறியாதவர்களைப் பிணைக்கும் கயிறு குற்றமாக அமைகிறது.

கொங்குத் தொழிற்சூழல்

ஆலைகளாலும் பட்டறைகளாலும் வளர்ந்த கோவை–திருப்பூர்ப் பகுதி, அறியாதவர்கள் உழைப்பால் பிணைந்து வாழும் நிலம். திருப்பூரில் ஒரு பனியன், நூலாக வந்து நிட்டிங், சாயமேற்றல், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகளைக் கடந்தே ஏற்றுமதியாகிறது. இவற்றுள் பல வேலைகள் ஜாப் ஒர்க் முறையில் வெவ்வேறு கூடங்களில் நடப்பதால், ஒரு கூடத்தார் அடுத்த கூடத்தாரை அறிய வேண்டிய தேவையில்லை. நெருப்பெரிச்சல் போன்ற ஊராட்சிகள் 2011ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தமை, ஊர் எல்லைகளைக் கடந்து பரவிய இத்தொழிலின் வளர்ச்சியைக் காட்டுகிறது. பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் இங்கு அண்டை வீட்டாராகின்றனர்.

இச்சூழலே ராஜேஷ்குமாரின் உத்தியைத் தோற்றுவித்தது எனக் கூற இயலாது. ஆயினும் உறவுமுறையால் அறியப்பட்ட ஊர், தொழிலால் பிணைந்த நகரமாக மாறும் இடத்தில், ‘இவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?’ என்னும் கேள்வி பொருள் பொதிந்ததாகிறது. கோவிந்தனின் காலத்துக் குடும்பப் புதிரைவிட இக்கேள்வி இந்நிலத்து வாழ்வுக்கு நெருக்கமானது.

குற்றப் பொறுப்பின் எல்லை

இவ்வடிவத்தின் குறையும் இவ்விடத்திலேயே புலப்படுகிறது. பலரைப் பிணைக்கும் வலையைக் காட்டும் கதை, முடிவில் அவ்வலையை ஒரு தனிமனிதரின் பேராசைக்கோ பழிவாங்கலுக்கோ சுருக்கிவிடுகிறது. கைது நிகழ்ந்ததும் உறவுகள் பற்றிய கேள்வி மறைகிறது. சங்கர்லால் தனித் துப்பறிவாளர், கணேஷ் வழக்கறிஞர். விவேக்கோ அரசு அதிகாரி. எனவே விசாரிக்கும் அமைப்பே விசாரணைக்கு உட்படும் வாய்ப்பும் குறைகிறது.

நொய்யல் ஆற்றின் சீரழிவு இதற்கு ஓர் உரைகல். பல சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. இங்கே இரையானவர் உண்டு, தடயம் உண்டு, ஒற்றைக் குற்றவாளி இல்லை. பயன் பெற்றோர் தொலைதூர நாட்டு வாங்குவோர் வரை விரிகின்றனர். அறியாதவர்களின் தொடர்பைத் தேடும் இரட்டைக் கதையோட்டம் இத்தகைய குற்றத்தை எழுத மிகவும் பொருந்தும். ஒருவரையே குற்றவாளியாக்கும் முடிவு அதற்குத் தடையாகிறது.

துப்பறியும் வகைமையே இத்தகைய முடிவைக் கோருகிறது என வாதிடலாம். அகதா கிறிஸ்டி 1934ஆம் ஆண்டு வெளிவந்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலில் பலரைக் கூட்டாகக் குற்றத்திற்குப் பொறுப்பாக்கினார். ஆதலால் இத்தடை வகைமையின் விதியன்று. பாக்கெட் நாவல் ஏற்றுக்கொண்ட வழக்கமே.

முடிவுரை

ராஜேஷ்குமார் துப்பறியும் நாவலின் கேள்வியைப் புதுப்பித்தார். விடையைப் பழைய இடத்திலேயே வைத்தார். வெகுசன எழுத்து என ஒதுக்குவோர் முன்னதைக் காண்பதில்லை. எண்ணிக்கையைப் போற்றுவோர் பின்னதைக் காண்பதில்லை. மலிவுத் தாளில் அச்சாகிக் கைமாறிக் கிழியும் மாத நாவல்களைப் பல்கலைக்கழக நூலகங்கள் தொகுத்துப் பேணினால்தான், இவ்வடிவம் காலப்போக்கில் அடைந்த மாற்றங்களை நாவல் நாவலாக ஒப்பிட்டு ஆராய இயலும். கொங்குப் பகுதியின் தொழில்மய வரலாற்றை எழுதுவோருக்கும் அத்தொகுப்பு சான்றாக அமையும்.