மண்பாத்திரத்தில் வைத்த காணி உறுதி

“காஸாவிலிருந்து மையத்துச் செய்தி வராத நாளில்ல. இந்த நேரத்தில யூதர்களின்ட வேதத்தப் பத்தி எழுதப் போறீங்களா?” குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் வாசிப்பது எந்த அரசையும் நியாயப்படுத்துவதற்காக அல்ல என்றேன். வீடும் ஊரும் எரிந்து, அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. ஊர் இழந்தவர்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்ற பாடம், 1990 ஒக்டோபருக்குப் பிறகு எங்களுக்கும் வேண்டியிருக்கிறது.

இந்த வரலாறு நமக்குப் புதிதல்ல. ஸூரத்துல் இஸ்ராவின் தொடக்கத்துக்கு விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிர்கள் பலர் புக்த் நஸ்ஸரைக் குறிப்பிடுகிறார்கள். தமிழ் பைபிளில் அவன் பெயர் நேபுகாத்நேச்சார். கி.மு. 597இல் அவன் ஜெரூசலத்திலிருந்து முதல் தொகுதி மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். சுமார் பத்து வருடங்களுக்குப் பிறகு நகரமும் ஆலயமும் தரைமட்டமாயின. பாழடைந்த ஊரைக் கடந்துபோன ஒரு மனிதரைப் பற்றி ஸூரத்துல் பகராவின் 259ஆம் வசனம் பேசுகிறது. அவர் உஸைர் (அலை) என்பது பலரின் கருத்து. இர்மியா (அலை) என்றும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த இர்மியாதான் பைபிளின் எரேமியா.

எரேமியாவின் நூலில் ஆறுதல் சொல்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனனியா. இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சபை நடுவே அறிவிக்கிறார். கேட்கிறவர்களுக்கு இனிக்கிறது. எரேமியாவோ பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற நகரத்தின் நலத்தை நாடுங்கள், மீட்சிக்கு எழுபது வருடம் ஆகும். எழுபது வருடம் என்றால், வாசிக்கிறவர்களில் அநேகர் ஊரைக் காணாமலே மௌத்தாகிவிடுவார்கள். இதை ஆறுதல் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் வாசிப்பு. அனனியா காலத்தைப் பற்றிப் பொய் சொன்னார். எரேமியா மெய்யைச் சொல்லி, இடைப்பட்ட காலத்துக்கு ஒரு வேலையையும் கொடுத்தார்.

அதே எரேமியா இன்னொரு காரியமும் செய்தார். நகரம் முற்றுகையில் கிடக்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் உறவினர் ஒருவரின் காணியைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி வைத்து, உறுதி எழுதி, முத்திரையிட்டு, நெடுநாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறார். எதிரியின் கையில் விழப்போகும் காணிக்குக் காசு கொடுக்கிற அந்தச் செயல், பக்கம் பக்கமாக எழுதிய ஆறுதலைவிடக் கனமானது.

ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள், பெயர் தெரியாத பிற்காலத் தீர்க்கதரிசி ஒருவருடையவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கவித்துவத்தில் எரேமியா இவருக்குக் கிட்டவும் வரமாட்டார். இவருடைய பலம், மக்களின் முறைப்பாட்டை முதலில் பேசவிடுவது. இறைவன் எங்களை மறந்துவிட்டான் என்று சீயோன் அழுகிறது. அதட்டல் வரவில்லை. பால்குடிக் குழந்தையைத் தாய் மறப்பாளா என்ற கேள்வி பதிலாக வருகிறது. நம் வாசகர்களுக்கு ஸூரத்துள் ளுஹா ஞாபகம் வரும். கைவிடப்பட்டோமோ என்ற கவலைக்கு மறுமொழியாகத் தொடங்கும் அந்த ஸூரா, அநாதையை அடக்காதே, கேட்டு வந்தவரை விரட்டாதே என்ற கடமைகளில் போய் நிற்கிறது.

ஆனால் அந்தக் கவிஞர் பாலைவனத்தில் நேர்பாதை விரியும் என்று பாடினார். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான், திரும்பிப் போக வழி திறந்தது. போனவர்கள் கண்டது இடிபாட்டை. புதிய ஆலயத்துக்கு அடித்தளம் போட்டபோது, பழையதைக் கண்ட முதியவர்கள் சத்தமிட்டு அழுததாக எஸ்றா நூல் சொல்கிறது. 2009க்குப் பிறகு காடு மண்டிய வளவுகளைப் பார்க்கப் போன வடபுல முஸ்லிம்களிடம் கேட்டால் அந்த அழுகைக்கு அர்த்தம் சொல்வார்கள்.

நாடுகடத்தப்பட்டவர்களைக் கண்டியும் கண்டிருக்கிறது. 1883இல் ஆங்கிலேயர் எகிப்திலிருந்து இலங்கைக்கு அனுப்பிய அரபி பாஷாவும் கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதியும் இந்த ஊரில் வாழ்ந்தார்கள். பாரூதி ஸரந்தீபிலிருந்து ஏக்கத்தைப் பாடினார், எகிப்தில் இறந்துபோன மனைவிக்கு இரங்கற்பா எழுதினார். அரபி பாஷா, சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்களோடு சேர்ந்து, 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி உருவாகத் துணைநின்றார். எரேமியாவின் கடிதத்துக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. பாரூதியின் புலம்பலும் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது.

1990இல் எனக்குப் பத்து வயது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றிய வருடம். யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அக்குறணையில் எங்களுக்குப் பக்கத்து வளவில் குடியிருந்தது. யாழ்ப்பாணத்து மாமி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். உடுப்பு மடிப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த காணி உறுதியை ஒரு பிஸ்கட் பேணியில் வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்தால் எடுத்து வெயில் காட்டுவார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், “அடுத்த பெருநாளைக்கு ஊர்ல இருப்பீங்க, பாருங்களேன்” என்பார்கள். முதல் இரண்டு பெருநாளைக்கு மாமி “இன்ஷா அல்லாஹ்” என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விடுவார்.

என் வாப்பா ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவர். மாமியின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கூலில் சேர்த்தார். பிறகு ஒரு நாள் அந்த உறுதியை நொத்தாரிசிடம் கொண்டுபோய், அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து வந்து கொடுத்தார். மாமி அன்றைக்குத்தான் எங்கள் உம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். பேணிக்குள் கிடந்த கடதாசியை இன்னொருவரும் உண்மையென்று ஏற்றுக்கொண்ட நாள் அது.

ஒவ்வொரு ஒக்டோபரும் நம் சஞ்சிகைகளில் வெளியேற்றக் கவிதைகள் வருகின்றன. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை வெளியேறிய அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பாடுகின்றன, இல்லாவிட்டால் திரும்பப் போகும் நாளைப் பாடுகின்றன. இடையில் கிடக்கும் முப்பது சொச்ச வருடம் கவிதைக்குள் வரவில்லை. புத்தளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊர் என்று படிவத்தில் எழுதப் பழகிய பிள்ளையைக் காணவில்லை. புலம்பலை நிறுத்துங்கள் என்று எந்தக் கவிஞரிடமும் நான் கேட்கமாட்டேன். அடுத்த பெருநாளைக்கு ஊரில் இருப்பீர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை மாமி நிறையக் கேட்டுவிட்டார்.