டூ-ஸ்ட்ரோக் என்னும் ஆசான்

மண்பாதையில் ஓட்டப் பழகுபவருக்கு யமஹா ஒய்இஸட்125 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியே நல்ல ஆசான். கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அதில் எரிபொருள் வெடிக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். டூ-ஸ்ட்ரோக்கில் கேம் ஷாஃப்ட் கிடையாது. ஏறி இறங்கும் பிஸ்டனே சிலிண்டர் சுவரின் துளைகளைத் திறந்து மூடுகிறது. அதனால் எடை குறைவு. ஆனால் முழு வலுவும் உயர்ந்த சுழற்சியில்தான் பிறக்கும். கிளட்ச்சையும் கியரையும் கைகால் அறிந்தே ஆகவேண்டும்.

2001-இல் வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியான ஒய்இஸட்250எஃப் தாழ்ந்த சுழற்சியிலேயே சீராக இழுக்கிறதே, பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் புகையும் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சீர்மை ஓட்டுபவரின் பிழையை மறைத்துவிடும். 125 மறைக்காது, வளைவில் கியர் தவறினால் உடனே முனகி அடங்கும். பிஸ்டன் தேய்ந்தாலும் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி மாற்றிவிடலாம். வால்வு இடைவெளி பார்க்கும் வேலை இல்லை. அந்த எளிமையும் ஒளிவுமறைவின்மையும்தான் அதன் அழகு.